கோமளாவைத் தேடியவர்கள்

மேனாம்பேட்டில் கோமளாவின் வீட்டு வாசலில் பலகை கிடையாது. ஒரு தடவை ‘துணை தையலகம்’ என்று எழுதி வைத்தார்கள். தெருவில் இருந்தவர்கள் பிளவுஸ் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “நான் பிளவுஸ் தைக்கிறதில்லக்கா” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, அவளே அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். வேறு என்ன தைக்கிறாய் என்று கேட்டால் வாசலில் நின்று சொல்ல முடியாது. புற்றுநோய் வந்து மார்பு அறுத்து எடுக்கப்பட்ட பெண்கள் போட்டுக்கொள்ளும் உள்பாடியையும் அதற்குள் வைக்கும் பஞ்சு மார்பையும் அவள் தைத்தாள்.

முதலில் தனக்காகத்தான் தைத்தாள். பத்தாவது முடித்ததிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங்கிலும் தையலிலும் இருந்தவள். முப்பத்தாறு வயதில் இடது பக்கம் கட்டி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அந்த மார்பையே எடுத்தார்கள். தலைமுடி மறுபடி வளர்ந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பழைய துண்டு ஒன்றை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸுக்கு ஓடியபோது அது கழுத்துப் பக்கம் ஏறிவிட்டது. கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியவள் குனிந்து பார்த்தாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கடையில் விற்கிற சிலிக்கான் மார்பு அவளால் வாங்கக்கூடிய பொருள் இல்லை. பஞ்சை அடைத்துப் பார்த்தாள். லேசாக இருந்ததால் அந்தப் பக்கத் தோள் மேலே ஏறி முதுகு வலி கண்டது. கடுகு போட்டுத் தைத்தாள். வெயில் காலத்து வியர்வையில் அது முளை விட்டது. அவள் புருஷன் அருள் அதைப் பார்த்துச் சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. கடைசியில் பாரிமுனையில் எடைக்காகப் பொடிக் கண்ணாடி மணி வாங்கி, அதை நடுவில் வைத்து, சுற்றிலும் பஞ்சு பொதிந்து, மெல்லிய பருத்தியில் தைத்தபோது சரியாக வந்தது.

செக்கப்புக்குப் போன இடத்தில் ஜெகதாம்பாள் என்ற நர்ஸ் அதைப் பார்த்தாள். கட்டுப் பிரிக்கிற அறையிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள். “இன்னாமா இது, எங்க வாங்கினே?” என்று கேட்டு, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, “இன்னும் நாலு பேருக்குத் தெச்சுக் குடு” என்றாள்.

அப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. ஜெகதாம்பாள் ஆள் பார்த்து அனுப்புவாள். திருநின்றவூரிலிருந்தும் செங்குன்றத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கோமளா கதவைச் சாத்திவிட்டு, முதலில் தன் ரவிக்கையை அவிழ்த்துத் தன் தழும்பைக் காட்டுவாள். அதற்குப் பிறகு வந்தவள் தன் முந்தானையை விலக்க அதிக நேரம் ஆகாது. சிலர் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுவார்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒரு பெண், அழுது முடித்து, “நான் கல்யாணம் காட்சின்னு எதுக்குமே போறதில்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த முகூர்த்தத்துக்கு மறுநாள், ஏதோ கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு வந்து வாசலில் நின்றாள். கோமளா கம்பெனி வேலையை விட்டாள்.

ஜெகதாம்பாள் ரிட்டயர் ஆகி ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனதும் எல்லாம் நின்றது. அவள் இடத்துக்கு வந்த நர்ஸிடம் கோமளா போய்ச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குத் தலை நிமிரக்கூட நேரம் இல்லை. “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மாதங்கள் போயின. தைத்து வைத்த உள்பாடிகள் அலமாரியில் அடுக்கின மேனிக்குக் கிடந்தன.

“இப்பல்லாம் யாரு ஆளக் கேட்டுகினு வர்றாங்கோ?” என்றான் அருள். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன் அவன். “குக்கர் கைப்பிடி ஒடஞ்சாகூட நெட்டுலதான் தேடறாங்கோ. நாமளும் நெட்டுல ஏறணும் மே.”

அருளுக்குத் தெரிந்தவன் விக்ரம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு செல்போன் கடைக்கு மாடியில் ஆபீஸ் வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு யாருக்கோ பதில் டைப் அடிப்பான். ரோஜா நிறத்தில், மேலே ‘துணை’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான்.

விலாசத்தை முழுசாக அடித்தால் அது வந்தது. தேடினால் வரவில்லை. கோமளா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் தேடிப் பார்த்தாள். ‘துணை’ என்று போட்டால் துணை மின் நிலையம் வந்தது, துணை கலெக்டர் பரீட்சை வந்தது, வாழ்க்கைத்துணை தேடித் தருகிற கல்யாணத் தகவல் மையங்கள் வரிசையாக வந்தன. கீழே தள்ளித் தள்ளி விரல் சலித்தது.

விக்ரமிடம் போய்க் கேட்டாள்.

“ஒம்பதாவது பக்கத்துல கீறோம்க்கா. அங்கெல்லாம் ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“மேல வர்றதுக்கு இன்னா பண்ணணும்?”

“நீங்க உங்க கடைப்பேரப் போட்டுத் தேடறீங்க. உங்களத் தெரியாதவங்க அத்த போடுவாங்களா? அவங்க வாயில இன்னா வார்த்த வரும்? அது நம்ம பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் நம்மளக் காட்டும்.”

கோமளா அன்று வீட்டுக்கு வந்து யோசித்தாள். துண்டை மடித்து வைத்துக்கொண்டு போன அந்த நாளில் தன்னிடம் நல்ல போன் இருந்திருந்தால் என்ன என்று கேட்டிருப்பாள்? ‘ஒரு பக்கம் எடுத்துட்டாங்க, என்ன போடுறது?’ ‘மார்பு எடுத்தது வெளியே தெரியாம இருக்க என்ன செய்யலாம்?’ ‘கை தூக்கினா துணி மேல ஏறுது.’ தனக்கு நடந்ததையெல்லாம் தன் பேச்சிலேயே எழுதினாள். எந்தத் துணி வியர்வைக்கு ஆகும், தழும்பு ஆறுவதற்கு முன்னால் ஏன் போடக்கூடாது, வீட்டுக்காரர் முன்னால் உடை மாற்ற முதல் தடவை எவ்வளவு கூச்சமாக இருந்தது, எல்லாம். விக்ரம் அதைப் படிக்கும்போது மட்டும் வேறு யாருக்கும் டைப் அடிக்கவில்லை. “நல்லாருக்குக்கா” என்றான். “இதோட ஒரு போட்டோ வேணும். போட்டோ இருந்தா இன்னும் மேல ஏறும்.”

முகம் வேண்டாம் என்ற பேச்சில் ஒப்புக்கொண்டாள். நீல ரவிக்கை, பின் குத்திய சேலை, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறது என்று காட்ட ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அருள்தான் எடுத்தான்.

ஐந்தாவது பக்கத்துக்கு வந்தார்கள். அதற்கு மேல் நகரவில்லை. “சில போன்ல நம்ம சைட்டு வரவே வராதுக்கா” என்றான் விக்ரம். “மார்புன்னு இருந்தா அசிங்கமான சைட்டுன்னு நெனச்சுகினு மறைச்சிடுது.”

“அந்த வார்த்த இல்லாங்காட்டி எப்படிப்பா சொல்றது?”

“அதான்க்கா தெரியல.” கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். “விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

அவன் என்ன பார்த்துக்கொண்டான் என்று கோமளா கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது சைட் முதல் பக்கத்தில் இருந்தது. அருள் கம்பெனியில் எல்லோருடைய போனிலும் தேடிப் பார்த்துவிட்டு வந்து, “மூணாவது கீறோம்மே!” என்று கத்தினான். அந்த வாரமே வெள்ளானூரிலிருந்து கமலம் என்ற பெண் தேடிக்கொண்டு வந்தாள். வேலூரிலிருந்து ஒருத்தி போனில் அளவு கேட்டாள். கோமளா கண்ணாடி மணி வாங்கப் பாரிமுனைக்குப் போனாள்.

திரும்பி வந்து பையைக் கீழே வைத்தபோது ஒரு போன் வந்தது. ஆண்குரல்.

“துணைங்களா? எந்த சைஸ் வரைக்கும் கீது?”

பெண்டாட்டிக்காகப் புருஷன்கள் கேட்பது வழக்கம்தான். கோமளா பொறுமையாகச் சொன்னாள். “எல்லா சைசும் கீதுங்க. அவங்க அளவு தெரிஞ்சா சொல்லுங்க. இல்லாங்காட்டி இட்டுகினு வாங்க, நானே அளந்துக்கறேன்.”

“உன்னுது இன்னா சைசு?”

அவளுக்கு உடனே விளங்கவில்லை. தன் அளவை எதற்குக் கேட்கிறான், ஒப்பிட்டுப் பார்க்கவோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் போனைக் கீழே போட்டாள்.

அதிலிருந்து அது நிற்கவில்லை. காலையில் பால் காய்ச்சும்போது வரும், கோயிலில் நிற்கும்போது வரும். குரல்கள் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான். படம் அனுப்பினார்கள். வீடியோவில் கூப்பிட்டார்கள். ஒருவன் குழந்தை அழுகிற சத்தம் பின்னால் கேட்கக் கேட்கப் பேசினான். கோமளா விக்ரமின் மாடிக்குப் படியேறிப் போய்ப் போனை அவன் மேஜை மேல் வைத்தாள். “பாரு.”

அவன் பார்த்தான். தலை நிமிரவில்லை.

“கூட்டம் வந்தா மேல ஏறும்க்கா. அதுக்கோசரம் கொஞ்சம் வார்த்த போட்டேன். ஆம்பளைங்க தேடற வார்த்த. கண்ணுக்குத் தெரியாம அடியில. இப்படி ஆவும்னு நெனைக்கல.”

“எடு.”

“எடுத்துடறேன். ஆனா ஒடனே போவாதுக்கா. பழசு கொஞ்ச நாள் அங்கங்க நிக்கும்.”

அந்த வாரத்தில் ஒரு நாள் அருள் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்துத்தான் சொன்னான். கம்பெனி வேனில் பின் சீட்டில் இருந்தவன் போனில் எதையோ காட்டி எல்லோரும் சிரித்தார்கள். அருளிடமும் நீட்டினான். ஏதோ ஒரு கேடுகெட்ட சைட். நிறையப் படங்களுக்கு நடுவில் நீல ரவிக்கை, ஜன்னல் வெளிச்சம். கீழே ஒரு வரி எழுதியிருந்தது. அது என்ன வரி என்று அவன் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

“நீ இன்னா சொன்னே?” என்று கேட்டாள் கோமளா.

“இன்னா சொல்லுவேன்? என் பொண்டாட்டின்னா? நானும் சிரிச்சேன் மே.” முகத்தை மூடிக்கொண்டான். “நானும் சிரிச்சுட்டேன்.”

கோமளா அவனைத் திட்டவில்லை. எழுந்து போய், தெரியாத நம்பரிலிருந்து வந்தால் மணியே அடிக்காதபடி போனை மாற்றி வைத்தாள். உண்மையாகத் தேவைப்படுகிறவர்கள் எப்படியாவது வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். வாட்ஸப்பில் குவிந்ததை ஒன்றையும் திறக்கவில்லை. எதைத் திறந்தாலும் ஒரு படம் இருக்கும்.

விக்ரம் அடியில் போட்ட வார்த்தைகளை எடுத்தான், போட்டோவை எடுத்தான், நம்பரை எடுத்தான். சைட் முதல் பக்கத்திலிருந்து விழுந்தது. ஒன்பதாவது பக்கத்திலும் இல்லை. எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு அருள் போய்ப் பார்த்தபோது மாடியில் பூட்டுத் தொங்கியது. வாடகை கட்ட முடியாமல் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகக் கீழ்க்கடைக்காரர் சொன்னார். வெப்சைட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு அவனிடம்தான் இருந்தது. ஆனால் அவன் எடுப்பதற்கு முன்னாலேயே படத்தையும் நம்பரையும் யார் யாரோ வேறு எங்கெங்கோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அவை அங்கேயே இருந்தன.

மாசி மாதத்தில் ஒரு காலையில் வயதான ஒரு அம்மாள் வீட்டைக் கண்டுபிடித்து வந்தார். வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை. வெயிலில் தெருத் தெருவாகக் கேட்டு அலைந்து முகம் சிவந்திருந்தது. பெயர் அன்னம்மாள் என்றார். சென்னீர்குப்பத்தில் வீடு. கணவர் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி இறந்துவிட்டார். ரோஷினி என்று ஒரே மகள், ஸ்கூல் டீச்சர்.

“அவ போன்ல உங்க விலாசத்தை எழுதி வச்சிருந்தாம்மா. நேத்துதான் எனக்குக் காட்டினா.”

கோமளா தண்ணீர் கொடுத்தாள். அன்னம்மாள் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசினார். ஆபரேஷன் முடிந்ததும் ரோஷினி வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள் என்று பயம். கோயிலுக்கும் வரமாட்டேன் என்றாள். பிறகு நெட்டில் எதையோ படித்துவிட்டு, “அம்மா, அம்பத்தூர்ல ஒருத்தங்க இருக்காங்க” என்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அடிச்சா, அடிச்சா, அடிச்சுக்கிட்டே இருந்தா. நீங்க எடுக்கல. நேர்லயே போவோம்னு நான் சொன்னேன். எடுக்காதவங்க வீட்டுக்கு எப்படிப் போறதுன்னா. அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுட்டா.” அன்னம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். “இப்ப மறுபடியும் வந்திருச்சு. எலும்புல. இனி வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருக்கிற வரைக்கும் அவ பழையபடி ஒரு நாளாவது உடுத்திப் பாக்கணும்னு எனக்கு ஆசை. அவ கேக்கலம்மா, எனக்குத்தான்.”

துணிப்பையிலிருந்து மகளின் பழைய ரவிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார். கோமளா அதை வாங்கிக்கொண்டாள். அவளுடைய போனில் அந்த நம்பர் எங்கோ இருக்கும், மற்ற நம்பர்களுக்கு நடுவில். தேடிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து தைத்தாள்.

மறுநாள் அருள் லீவு போட்டு அவளை வண்டியில் அழைத்துப் போனான். ஹைவேயை ஒட்டிய வீடு. லாரி போனால் கதவு அதிரும். அருள் வெளியே நின்றுகொண்டான். ரோஷினி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோமளா நினைத்ததைவிட இளையவள், முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். ரவிக்கை அளவுக்கும் அந்த உடம்புக்கும் இப்போது சம்பந்தமே இல்லை.

“நீங்க எழுதினதை எல்லாம் படிச்சேன்” என்றாள் ரோஷினி. “நானே எழுதின மாதிரி இருந்துச்சு.”

கோமளா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஏன் எடுக்கல?”

கோமளா சொன்னாள். அந்தப் போன்களைப் பற்றி, நீல ரவிக்கைப் படத்தைப் பற்றி, வேனில் நடந்ததைப் பற்றி. ஒன்றையும் மறைக்கவில்லை. அன்னம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். ரோஷினி கேட்டு முடிக்கும் வரைக்கும் அசையவில்லை.

“அவனுங்களுக்கெல்லாம் கிடைச்சீங்க” என்றாள். “எனக்குக் கிடைக்கல.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட வேண்டிய தெம்பும் அவளிடம் இல்லை. கோமளா தைத்ததை எடுத்துக் கொடுத்தாள். ரோஷினி அதைக் கையில் வாங்கி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அப்போ இது கிடைச்சிருந்தா ஸ்கூலுக்குப் போயிருப்பேன். கொஞ்ச நாளாவது.” திருப்பி நீட்டினாள். “இப்ப இதைப் போட்டுக்கிட்டு நான் எங்க போகப் போறேன்? நடமாடுறவங்க யாருக்காவது குடுங்கக்கா.”

“ஒரே ஒரு தடவை போட்டுப் பாரு ராசாத்தி” என்றார் அன்னம்மாள்.

“வலிக்கும்மா” என்றாள் ரோஷினி.

கோமளா அதைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் வந்த அன்னம்மாள், “கூப்பிட்டதும் வந்தீங்களே” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தையைத்தான் கோமளாவால் தாங்க முடியவில்லை. பூந்தமல்லி டிராங்க் ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது அருளின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தி அழுதாள். பக்கத்தில் போன லாரிகளின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

ஈஸ்டருக்கு முன்னால் அன்னம்மாள் போன் செய்து, “போயிட்டாம்மா” என்றார். கோமளா முதல் மணியிலேயே எடுத்திருந்தாள். சென்னீர்குப்பத்திலிருந்து வந்த அன்றே போனின் சத்தத்தைத் திறந்துவிட்டிருந்தாள். அதிலிருந்து எந்த நம்பரையும் விடுவதில்லை.

வெப்சைட் அந்தக் கோடையோடு தானாகவே போய்விட்டது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம், புதுப்பிக்க ஆள் இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது போனை கேட்டில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்ற விதி அங்கே இப்போது இருக்கிறது. கோமளா போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மொத்தக் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறாள்.

“நம்பர மாத்திடு மே” என்றான் அருள், பல தடவை. “இன்னாத்துக்கு இந்த நரகம்?”

“இந்த நம்பர்தான்யா வெளியில கீது” என்றாள் அவள். “எங்கியோ கீதே. தேடிகினு வர்றவளுக்கு இத்த வுட்டா வேற ஒண்ணுமே இல்லியே.”

அவன் வீட்டில் இருக்கும் நேரங்களில் போனை அவனே எடுக்கிறான். முதல் வார்த்தையைக் கேட்டுவிட்டு, ஆண்குரலாக இருந்தால் வெட்டிவிடுகிறான். சில நாள் திட்டுவான், சில நாள் திட்டவும் மாட்டான். அவன் வேலைக்குப் போன பிறகு கோமளா எடுக்கிறாள். மிஷினை நிறுத்தி, “சொல்லுங்க” என்று சொல்லி, காத்திருக்கிறாள்.

போன வாரம் ஒரு பெண்குரல் வந்தது. கோமளா சட்டென்று எழுந்து நின்றாள். “சொல்லும்மா, பயப்படாத, சொல்லு” என்றாள்.

கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று அந்தப் பெண் கேட்டாள். இது கேஸ் ஆபீஸ் இல்லை என்று கோமளா சொன்னாள்.